ஆப்பில் 'பனி' காட்டுது... மலையில் பனி இருக்குமா? இமயமலை குளிர்கால வானிலைக் கணிப்பில் என்ன சிக்கல்?

காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22ஆம் தேதி கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டன. காரணம், பனிச்சறுக்கு விளையாடப் போதுமான பனியே இல்லை.

அடுத்த சில நாட்களில் நிலைமை தலைகீழானது. காஷ்மீர் தொடங்கி உத்தராகண்ட் வரை பனி கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி 28ஆம் தேதி அதிகாலை, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் மாணா கிராமத்துக்கு அருகே இருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. 54 தொழிலாளர்கள் சிக்கினர். 46 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர்.

ஒரே மாதம், ஒரே மலைத்தொடர். ஒரு பக்கம் பனி வரவில்லை என்று போட்டி நின்றது. இன்னொரு பக்கம் வந்த பனியே உயிரைப் பறித்தது.

இப்போ மொபைலை எடுத்து குல்மார்க் என்று தட்டினால், அடுத்த 10 நாட்களுக்கு எப்போது பனி விழும் என்று சின்ன வெள்ளைப் பூ படத்தோடு வந்து நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் பலரும் விமான டிக்கெட் போடுகிறார்கள், ஓட்டல் புக் செய்கிறார்கள். அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? மலையில் பனியைக் கணிப்பது எப்படி? கணிப்பு சரியாக இருந்தும் ஏன் உயிர்கள் போகின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

பனியைக் கொண்டுவருவது எது?

தமிழ்நாட்டில் மழை என்றால் எல்லோரும் வங்கக்கடலைப் பார்ப்போம். காற்றழுத்த தாழ்வு பகுதி உருவானதா, எங்கே நகர்கிறது என்று கேட்போம். காஷ்மீரில் குளிர்காலம் வந்துவிட்டால் மக்கள் பார்ப்பது மேற்குத் திசையை. அங்கே பனியைக் கொண்டுவருவது 'மேற்கத்திய இடையூறு'.

மத்திய தரைக்கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் இவை. இரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து இமயமலையில் வந்து மோதும். நம்ம ஊர் புயல் கடல் பரப்பில் இருந்து சக்தியை எடுத்துக்கொள்ளும். இது அப்படியில்லை. பல கிலோமீட்டர் உயரத்தில் வேகமாகப் பாயும் ஜெட் காற்றோட்டத்தில் ஏறிச் சவாரி செய்துகொண்டு வருவது.

வரும் வழியில் மத்திய தரைக்கடல், அரபிக்கடல் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு பீர் பஞ்சால், இமயமலைத் தொடர்கள் குறுக்கே நிற்கும்போது, ஈரக்காற்று மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் மேகம், மழை, பனி. குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து மேற்கத்திய இடையூறுகள் வருவது வழக்கம். ஆனால் எல்லாமே பனியைக் கொட்டாது. சிலது மேகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். சிலது வடக்கே ஒதுங்கிப் போகும்.

2024 ஜனவரியில் நடந்தது இதுதான். வலுவான இடையூறு எதுவும் காஷ்மீர் பக்கம் வரவில்லை. குல்மார்க் சரிவுகள் பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஜனவரி கடைசியில்தான் அங்கே பனி எட்டிப் பார்த்தது.

40 நாள் கணக்கு

காஷ்மீரில் டிசம்பர் 21ஆம் தேதி முதல் 40 நாட்களை 'சில்லாய் கலான்' என்பார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் காலம். அதற்குப் பின் 20 நாள் 'சில்லாய் குர்த்', அடுத்து 10 நாள் 'சில்லாய் பச்சா'. பெரிய குளிர், சின்ன குளிர், குட்டிக் குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் நாட்டுப்புறக் கணக்கு இல்லை. முதல் 40 நாளில் விழும் பனி, கடுங்குளிரில் இறுகி நிலத்திலேயே தங்கும். மேலே மேலே படிந்து கோடை வரை கரையாமல் நிற்கும். அதே அளவு பனி பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ விழுந்தால், வெயில் ஏற ஏறச் சீக்கிரம் உருகி ஓடிவிடும். அதனால்தான் 'மொத்தம் எவ்வளவு பனி' என்ற கேள்வியோடு 'எப்போது விழுந்தது' என்பதும் சேர்த்தே கேட்கப்படுகிறது.

எத்தனை நாள் முன்னாடி தெரியும்?

ஒரு மேற்கத்திய இடையூறு வருகிறதா என்பதை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் பெரிய அமைப்பு அது. செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும்.

எவ்வளவு பனி, எந்த மலையில், எத்தனை மணிக்கு என்று கேட்டால் கதை வேறு. இது ஓரளவு தெளிவாவது கடைசி 24 முதல் 48 மணி நேரத்தில்தான். இடையூறு 50 கிலோமீட்டர் வடக்கே விலகினாலே ஒரு பள்ளத்தாக்குக்கு முழங்கால் அளவு பனியும், பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வெறும் தூறலும் கிடைக்கலாம்.

அதனால்தான் வானிலை மையங்கள் ஒரே ஒரு கணக்கை நம்புவதில்லை. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அதே கணக்கைப் பல முறை போட்டுப் பார்க்கின்றன. ஐரோப்பிய மையம் இப்படி 51 கணக்குகளை ஓட்டுகிறது. 51-ல் 45 கணக்குகள் 'பனி' என்றால் நம்பிக்கை அதிகம். பாதிக்குப் பாதி பிரிந்தால், இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மொபைல் ஆப்பில் வரும் ஒற்றை எண்ணில் இந்தச் சந்தேகம் எதுவும் தெரியாது. ஒன்பதாவது நாளுக்குக் காட்டும் பனிப் படமும், நாளைக்குக் காட்டும் பனிப் படமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டின் நம்பகத்தன்மை ஒன்றல்ல.

மழையா, பனியா? முடிவு செய்வது உயரம்

ஸ்ரீநகர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். குல்மார்க்கில் இருந்து கண்டோலா ரோப் காரில் ஏறினால், அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை போகலாம்.

மேலே போகப் போகக் குளிரும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம்.

ஸ்ரீநகரில் 6 டிகிரி, மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் அதே நேரம் வெப்பநிலை மைனஸ் 1 டிகிரி அளவில் இருக்கும். அங்கே ஈரமான பனி விழும். அபர்வத் உச்சியில் மைனஸ் 9 டிகிரி. அங்கே மாவு போல உலர்ந்த பனி விழும். மேகம் ஒன்றுதான். விழுவது மூன்று விதம்.

இப்போ வெறும் 2 டிகிரி கூடினால் என்ன ஆகும்? ஸ்ரீநகரிலும் அபர்வத்திலும் பெரிய மாற்றம் தெரியாது. நடுவில் இருக்கும் குல்மார்க்கில் மட்டும் பனிக்குப் பதில் மழையும் பனியும் கலந்து விழும். ஏற்கெனவே படிந்திருந்த பனியும் கரையத் தொடங்கும். பனிக்கும் மழைக்கும் நடுவில் இருக்கும் இந்த எல்லைக்கோட்டைச் சில நூறு மீட்டர் துல்லியத்தில் கணிப்பதுதான் மலை வானிலையில் பெரிய சவால்.

இன்னொரு விஷயமும் இருக்கு. மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அப்போது மேலே உள்ள சரிவைவிடக் கீழே உள்ள ஊரில் குளிர் கூடுதலாக இருக்கும். அன்றைக்கு 6.5 டிகிரி கணக்கு செல்லாது.

40 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு பனி?

கணிப்பு மாடல்கள் முதலில் கணக்கிடுவது எவ்வளவு தண்ணீர் விழும் என்பதைத்தான். அதைப் பனியின் ஆழமாக மாற்ற வேண்டும். பொதுவாக 1 மில்லிமீட்டர் தண்ணீருக்கு 1 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்வார்கள். அதாவது ஒன்றுக்குப் பத்து.

ஆனால் இது எல்லா நாளும் பொருந்தாது. கடுங்குளிரில் விழும் பனி பஞ்சு மாதிரி. அது ஒன்றுக்கு 15, சில நேரம் 20 கூட ஆகும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் பனி கனமானது, ஒன்றுக்கு ஏழுகூட வராது.

அப்போ '40 மில்லிமீட்டர்' என்ற ஒரே கணிப்பு, மேலே 60 சென்டிமீட்டர் பனியாகவும், கீழே 30 சென்டிமீட்டருக்கும் குறைவாகவும் மாறலாம். 'ரெண்டடி பனி வரும்னு சொன்னாங்க, ஓரடி கூட வரல' என்று திட்டுபவர்களும் உண்டு. பல நேரம் தண்ணீர்க் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி மாறியதுதான் வித்தியாசத்துக்குக் காரணம்.

மலையில் மாடல் ஏன் தடுமாறுது?

வானிலை மாடல் என்பது பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போடும் மென்பொருள். இந்தியா 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய 'பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்' 6 கிலோமீட்டர் அளவு சதுரங்களில் இயங்குகிறது. அதற்கு முன்பு 12 கிலோமீட்டர். இது பெரிய முன்னேற்றம்தான்.

தஞ்சாவூர் சமவெளியில் 6 கிலோமீட்டர் சதுரம் என்றால் ஏறக்குறைய எல்லாம் ஒரே மட்டம். குல்மார்க்கில் அப்படியில்லை. ஊரும், அதற்கு மேல் 1,300 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை உச்சியும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மாடல் இந்த மேடு பள்ளத்தை எல்லாம் சராசரி ஆக்கி ஒரே உயரமாகப் பார்க்கும். அந்தச் சராசரி உயரத்தில் யாரும் ஓட்டலும் எடுப்பதில்லை, சறுக்கவும் செய்வதில்லை.

சரி, ரேடார் இருக்கே? இருக்கிறது. மேற்கு இமயமலையில் குஃப்ரி, முக்தேஷ்வர், சுர்கண்டா தேவி, பனிஹால் டாப் போன்ற இடங்களில் அண்மை ஆண்டுகளில் டாப்ளர் ரேடார்கள் வைக்கப்பட்டுள்ளன. முன்பைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரேடார் அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கு தெரியாது. அதோடு, உயரமான இடங்களில் பனியை அளக்கும் நிலையங்கள் குறைவு. கணிப்பு சரியா தவறா என்று சரிபார்க்கவே தரவு போதாமல் போகும் இடங்கள் அங்கே நிறைய.

பனி இருந்தால் மட்டும் போதுமா?

தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் புல்வெளி வெளுப்பதும் பனி, இமயமலையில் ஆளுயரம் குவிவதும் பனிதான். பனிச்சறுக்கு வீரர்களுக்கு ஒரே சொல் போதாது. காலுக்கடியில் இருப்பது எந்தப் பனி என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி.

குளிர்ந்த காற்றில் விழுந்த உலர்ந்த, லேசான பனியைத்தான் 'பவுடர்' என்கிறார்கள். இதற்காகத்தான் வெளிநாட்டில் இருந்தெல்லாம் குல்மார்க் வருகிறார்கள். பகலில் வெயிலில் உருகி இரவில் உறைந்தால், மேலே ஓடு போலக் கெட்டியாகிவிடும். அதில் சறுக்கினால் பிடிமானம் கிடைக்காது. பலத்த காற்று அடித்தால், மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கத்தில் பலகை பலகையாக அடுக்கிவிடும்.

காற்று இன்னொரு விதத்திலும் முக்கியம். பனி அருமையாக விழுந்திருந்தாலும், உச்சியில் காற்று வேகம் கூடினால் கண்டோலாவின் மேல் கட்டம் நிறுத்தப்படும். சுற்றுலாப் பயணிக்கு அன்றைக்குப் 'பனி' இருக்கும், அதைத் தொட வழி இருக்காது.

செயற்கைப் பனி கொண்டு சமாளிக்க முடியாதா என்ற கேள்வி வரும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் இயந்திரப் பனியில்தான் நடந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் களமிறங்கிய ஒரே வீரர் ஆரிஃப் கான், குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவர் வளர்ந்த குல்மார்க் சரிவுகள் இன்றும் பெரும்பாலும் வானத்தில் இருந்து விழும் பனியையே நம்பி இருக்கின்றன. இயந்திரப் பனிக்கும் மைனஸ் வெப்பநிலை வேண்டும், தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். வெப்பமான, வறண்ட ஜனவரியில் இது எல்லாமே சிக்கல்தான்.

வறண்ட குளிர்காலம் ஏன் கூடுதல் ஆபத்து?

பனியே குறைவு என்றால் பனிச்சரிவும் குறைவாகத்தானே இருக்கும்? இப்படி நினைப்பது இயல்பு. ஆனால் நடப்பது பல நேரம் இதற்கு நேர் எதிர்.

டிசம்பரில் கொஞ்சம் பனி விழுகிறது. பிறகு பல வாரம் ஒன்றுமில்லை. அடியில் நிலத்தை ஒட்டிய வெப்பநிலை பூஜ்ஜியம் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் 15 வரைகூடப் போகும். மெல்லிய பனிப்படுகைக்குள் இவ்வளவு பெரிய வெப்பநிலை வித்தியாசம் இருந்தால், உள்ளே இருக்கும் பனித்துகள்கள் வடிவம் மாறும். ஒன்றோடு ஒன்று ஒட்டாத, ரவை போன்ற குருணையாகிவிடும்.

பிப்ரவரியில் ஒரு வலுவான இடையூறு வந்து, இரண்டே நாளில் மூன்று நான்கு அடி புதுப் பனியை அதன் மேல் கொட்டுகிறது என்று வையுங்கள். தட்டில் ரவையைப் பரப்பி, அதன்மேல் கனமான பலகையை வைத்து, தட்டைச் சாய்த்தால் என்ன ஆகும்? பலகை அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். மலையில் நடப்பதும் அதுதான். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் இது அதிகம் நடக்கும். சறுக்கு வீரர்கள் விரும்பித் தேடிப் போகும் சாய்வும் அதேதான்.

அதுவும் எந்த நாளில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023 ஜனவரி 30ஆம் தேதி ஸ்ரீநகரில் கொட்டும் பனியில் ராகுல் காந்தி பேசிய படம் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பனிப்பொழிவு முடிந்து, பிப்ரவரி 1ஆம் தேதி அபர்வத் பகுதியில் பனிச்சரிவு. போலந்தைச் சேர்ந்த இரண்டு சறுக்கு வீரர்கள் இறந்தனர். 2024-ல் நீண்ட வறட்சிக்குப் பிறகு பிப்ரவரி 18 முதல் 20 வரை பனி கொட்டியது. 22ஆம் தேதி குல்மார்க்கின் மேல் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டு, ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு சறுக்கு வீரர் உயிரிழந்தார்.

இரண்டுமே பனி கொட்டி முடிந்த பிறகு நடந்தவை. வானம் வெளுத்து, வெயில் அடித்து, 'ஆஹா, இன்னைக்குத்தான் சரியான நாள்' என்று எல்லோரும் கிளம்பும் அந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் மலை இன்னும் நிலைகொண்டிருக்காது. ஆப்பில் அன்றைக்குச் சூரியன் படம்தான் இருக்கும்.

யார் எதைச் சொல்கிறார்கள்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். மலையில் வருவது ஒரு எச்சரிக்கை இல்லை. தனித்தனி வேலைக்கான தனித்தனி எச்சரிக்கைகள்.

முதலாவது, இந்திய வானிலை ஆய்வு மையம் தரும் வானிலை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். இது வானத்தில் இருந்து என்ன விழப்போகிறது என்பதைச் சொல்கிறது.

இரண்டாவது, பனிச்சரிவு எச்சரிக்கை. இதைத் தயாரிப்பது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் சண்டிகரில் இயங்கும் பாதுகாப்பு புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம். 'இந்த மாவட்டத்தில், இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்தில் இந்த அளவு ஆபத்து' என்ற வடிவில் வரும். மாநில பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் வழியாக மக்களுக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே நிலத்தில் கிடக்கும் பனி நிற்குமா, சரியுமா என்பதுதான் இதன் கேள்வி.

மூன்றாவது, அந்தக் குறிப்பிட்ட சரிவைப் பற்றி அங்கேயே இருப்பவர்கள் சொல்வது. குல்மார்க்கில் சறுக்கு ரோந்துக் குழுவினர் எந்தப் பாதை திறப்பு, எது மூடல் என்று முடிவு செய்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிப் போனால் பொறுப்பு போகிறவர்களுடையது.

ஆப் தருவது இந்த மூன்றில் முதல் வகையின் ஒரு சுருக்கத்தை மட்டும்தான்.

'நடுத்தரம்' என்ற வார்த்தையும் ஏமாற்றும். ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை அளக்கிறார்கள். அங்கே உயிரிழப்பு அதிகம் நடப்பது ஐந்தாம் நிலையில் அல்ல, மூன்றாம் நிலையில். ஐந்து என்றால் யாரும் வெளியே போகமாட்டார்கள். மூன்று என்றால் 'பரவாயில்ல, போய்ப் பார்ப்போம்' என்று போய்விடுகிறார்கள்.

எச்சரிக்கை இருந்தும் ஏன் உயிர் போகிறது?

மாணா சம்பவத்துக்கு முந்தைய நாளே சமோலி உள்ளிட்ட உத்தராகண்ட் மலை மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அதாவது கணிப்பு தவறவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை பல மாவட்டங்களுக்குப் பொதுவானது. எந்த மலை, எந்த மணி நேரம் என்று அதில் இருக்காது, இருக்கவும் முடியாது. பனிச்சரிவு விழுந்தபோது தொழிலாளர்கள் முகாமின் கண்டெய்னர்களில் இருந்தார்கள்.

சறுக்கு வீரர் ஒருவருக்கு 'இன்னைக்கு வேண்டாம்' என்று அறையிலேயே இருந்துவிட முடியும். மலைச் சாலையில் பனி அள்ளும் தொழிலாளி, எல்லையில் நிற்கும் ராணுவ வீரர், உயரத்தில் வீடு இருக்கும் குடும்பம், இவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களை எப்போது, யார் கீழே இறக்குவது என்பது வானிலை மாடல் எடுக்கும் முடிவு அல்ல. அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு.

தமிழ்நாட்டுக்கும் இந்த வலி புதிதல்ல. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலை மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தனர். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11ஆம் தேதி உயிரிழந்தார்.

பனியில் புதைந்தவரைக் காப்பாற்ற முதல் 10 முதல் 15 நிமிடங்கள்தான் பொன்னான நேரம். அதற்குப் பிறகு உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும். வெளியில் இருந்து மீட்புப் படை வருவதற்குள் இந்த நேரம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால்தான் எச்சரிக்கை கிடைத்ததும் இடத்தைக் காலி செய்வதற்கு மாற்று எதுவும் இல்லை.

பனி குறைந்தால் யாருக்குப் பாதிப்பு?

பனி வராத குளிர்காலத்தில் முதலில் அடிபடுவது சறுக்குப் பயிற்சியாளர்கள், குதிரைக்காரர்கள், ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், டாக்சி ஓட்டுநர்கள். அடுத்த அடி விவசாயத்துக்கு. மலையில் சேர்ந்த பனிதான் வசந்தத்திலும் கோடையிலும் ஜீலம், செனாப் போன்ற ஆறுகளுக்குத் தண்ணீர். ஆப்பிள் மரங்களுக்கும் குளிர்காலத்தில் போதுமான குளிர் கிடைத்தால்தான் பூப்பது ஒழுங்காக நடக்கும்.

இந்துகுஷ் இமயமலைப் பகுதியை ஆய்வு செய்யும் இசிமோட் அமைப்பின் 2025 அறிக்கைப்படி, அந்தக் குளிர்காலத்தில் பனி நிலத்தில் தங்கியிருந்த அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு. 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைந்த அளவு. இப்பகுதியின் பெரிய ஆற்றுப் படுகைகளில் ஓடும் ஆண்டு நீரில் சராசரியாக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பருவகாலப் பனி உருகி வருவது.

வெப்பம் கூடக் கூட, பனிக்கும் மழைக்கும் நடுவிலான கோடு மலையில் மேலே ஏறும். குல்மார்க் போன்ற நடு உயரத்து ஊர்களுக்குத்தான் இது முதலில் தெரியும்.

போவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கணிப்பு எத்தனையாவது நாளுக்கு? ஐந்து நாளைத் தாண்டியது என்றால் அதை ஒரு சாத்தியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதி முடிவைக் கடைசி 48 மணி நேரக் கணிப்பு வந்ததும் எடுங்கள். ரத்து செய்ய முடிகிற டிக்கெட், அறை என்றால் நல்லது.

2. எந்த உயரத்துக்கான கணிப்பு? ஊருக்கா, மலை உச்சிக்கா? உயரம் குறிப்பிடாத கணிப்பை மலையில் நம்பிப் பயனில்லை.

3. கடந்த ஒரு மாதம் எப்படி இருந்தது? நீண்ட வறட்சிக்குப் பின் திடீரெனப் பனி கொட்டியிருந்தால், அது கொண்டாட்டத்துக்கான செய்தி மட்டும் அல்ல.

4. பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா? வானிலை எச்சரிக்கை இல்லை என்பதால் பனிச்சரிவு எச்சரிக்கையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

5. கண்டோலாவும் சாலையும் திறந்திருக்கின்றனவா? காலையில் உள்ளூர் ஆட்களிடம் கேளுங்கள். 'அந்தப் பக்கம் இன்னைக்குப் போகாதீங்க' என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால், பணம் கட்டியாச்சே என்று வாதாட வேண்டாம்.

வானிலைக் கணிப்பு 20 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடப் பல மடங்கு மேம்பட்டிருக்கிறது. மேற்கே பல ஆயிரம் கிலோமீட்டரில் கிளம்பும் ஓர் இடையூறு எந்த வாரம் காஷ்மீரைத் தொடும் என்று இன்று சொல்ல முடிகிறது. ஆனால் விழுந்த பனி எந்தச் சரிவில், எந்த நிமிடம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பனிச்சரிவு எச்சரிக்கை அமலில் இருக்கும் அந்த 24 மணி நேரத்தில் மலையில் யார் இருக்கலாம், யார் கீழே இறங்க வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகங்களும், வேலைக்கு ஆள் அனுப்பும் அமைப்புகளும், சுற்றுலா நடத்துபவர்களும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பனி விழத் தொடங்கிய பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.